வசிக்கத் தகுந்த வீடு

மே 6

அன்புள்ள தம்பிக்கு,

நானும் உன் அத்தானும் உயிரோடு இருக்கிறோம். அதை முதலிலேயே எழுதிவிட்டேன், மற்றதை நிதானமாகப் படி. நீ எப்படி இருக்கிறாய்? உங்கள் ஊர்ப் பக்கமும் புயல் பலமாக அடித்ததாக ரேடியோவில் கேட்டேன். இங்கே போன் கோபுரம் குப்புற விழுந்து கிடக்கிறது. அதனால்தான் கடிதம்.

வாரம் முழுக்க மழையும் காற்றுமாக இருந்தது. இதோடு ஓய்ந்தது என்று நினைத்த மத்தியானம் அந்தச் சுழல்காற்று வந்தது. டிவிக்காரர்கள் டொர்னாடோ என்கிறார்களே, அதுதான். மிக்ஸிக்குள் தலையை விட்ட மாதிரி ஒரு சத்தம். நாங்கள் முன்னறைக் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டோம். உன் அத்தான் என் தலைமேல் கையை வைத்துக்கொண்டு, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வெளியே வந்து பார்த்தால் முன்னறை அப்படியே இருக்கிறது. ஜன்னல் திரை இருக்கிறது. கல்யாணப் போட்டோ கூடக் கோணாமல் தொங்குகிறது. நடுக்கதவைத் திறந்தால் வானம். சமையலறை, படுக்கையறை, கூரை, பின்சுவர் எதுவும் இல்லை. எங்கள் வரிசை முழுக்க இப்படித்தான். தெருவின் முதுகை மட்டும் உரித்துக்கொண்டு போயிருக்கிறது.

இப்போது முன்னறையில்தான் குடித்தனம். நடுக்கதவில் தார்ப்பாய் கட்டியிருக்கிறோம். இத்தனை வருஷம் பெயின்ட் அடித்து அடித்து அவர் நெஞ்சு என்ன கதியில் இருக்கிறது என்று உனக்குத் தெரியும். ஈரம் ஆகவே ஆகாது. மழைக்காலத்துக்குள் பின்சுவரும் கூரையும் எழும்பியாக வேண்டும். எனக்கு அந்த ஒரு கவலைதான்.

நிவாரணத் துறையிலிருந்து மதிப்பீட்டாளர் வருகிறாராம். வாசலைக் கழுவிவிட்டேன், இடிபாட்டை எல்லாம் பின்னால் தள்ளிவிட்டேன், திரையைத் துவைத்து மாட்டிவிட்டேன். யாராவது வருகிறார்கள் என்றால் நம் வீட்டில் முதலில் கையில் எடுப்பது துடைப்பம்தானே! அம்மா வளர்ப்பு.

நான் ஓட்டுகிற ஸ்கூல் வேனுக்கு ஒரு கீறல் இல்லை. பிழைப்புக்குக் குறைவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

மே 21

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதம் கையில் கிடைக்கும் வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் சௌக்கியம். அத்தானுக்கு மூச்சு எப்படி இருக்கிறது? மருந்து இருக்கிறதா?

இங்கே நகரத்தின் கிழக்குப் பக்கம் நாசம். நான் வேலை பார்த்த டைல்ஸ் கடையின் கூரையைக் காற்று கொண்டுபோய்விட்டது, முதலாளி கடையை மூடிவிட்டார். பயப்படாதே, வேறு ஒரு வேலை கிடைத்துவிட்டது. தற்காலிகம்தான், நன்றாகச் செய்தால் நிரந்தரம் ஆக்குவார்களாம். கொஞ்சம் அலைச்சல். கழுத்தில் அட்டை எல்லாம் மாட்டிக்கொண்டு பெரிய மனுஷன் மாதிரி திரிகிறேன்.

நீ கவலைப்படாதே அக்கா. இதற்கென்றே ஒரு துறை இருக்கிறது, ஆட்கள் இருக்கிறார்கள். மதிப்பீட்டாளர் வந்தால் கோபப்படாமல் பேசு. உன் வாய் எனக்குத் தெரியும்.

அத்தானிடம் நான் கேட்டதாகச் சொல்.

தம்பி

ஜூன் 14

தம்பிக்கு,

நாங்கள் நலம் என்று எழுத வேண்டும். எழுதிவிட்டேன், அடுத்த விஷயத்துக்கு வருகிறேன்.

மதிப்பீட்டாளர் வந்தான். வந்தார் என்று எழுதக் கை வரவில்லை. காரை அணைக்கவே இல்லை, அது பாட்டுக்கு உறுமிக்கொண்டு நின்றது. வாசல்படியில் ஒரு காலை வைத்தான். இன்னொரு கால் தெருவில்.

"உள்ள வாங்க சார், வந்து பாருங்க" என்றேன்.

"பரவால்லம்மா. இங்கேருந்தே தெரியுது."

"என்ன தெரியுது?"

"வீடு நல்லாத்தான் இருக்கு. சுத்தமா வச்சிருக்கீங்க."

"பின்னாடி எல்லாமே போயிடுச்சு சார். ஒரு எட்டு வந்து பாத்துடுங்க."

"எழுதிக்கிறேம்மா. அடுத்த வீடு இருக்கு, லேட்டாகுது" என்று செல்போனில் வாசலை ஒரு படம் எடுத்தான். நான் துவைத்து மாட்டிய திரையோடு சேர்த்து. நீ சொன்னாயே என்று நான் கோபப்படவில்லை. நன்றி வேறு சொன்னேன்! அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

நேற்று பதில் வந்தது. 'வீடு வசிக்கத் தகுந்தது. உதவி தேவைப்படவில்லை.' உன் அத்தான் அதைச் சத்தமாகப் படித்தார், நடுவில் இரண்டு தடவை இருமினார், பிறகு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் வாசலைக் கழுவியது குற்றம், தெரிகிறதா? எதிர்வரிசை மெக்கானிக் வீட்டில் பால்கனி மட்டும்தான் விழுந்தது. அவர்கள் எதையும் அள்ளவில்லை, அப்படியே போட்டு வைத்திருந்தார்கள். அவர்களுக்கு உதவி வந்துவிட்டது. நல்லது, அவர்களுக்கும் பிள்ளை குட்டி இருக்கிறது. ஆனால் எங்கள் வரிசையில் ஒருவருக்கும் இல்லை. எல்லோரும் என்னை மாதிரியே பெருக்கித் துடைத்த பைத்தியங்கள்.

அவனுக்குத் தெருவில் பெயர் வைத்துவிட்டோம். வாசல்படி. "வாசல்படி இன்னைக்கு அந்தத் தெருவுக்குப் போனானாம்" என்று பேசிக்கொள்கிறோம். போன் வந்துவிட்டது. ஆனால் போனில் இதையெல்லாம் சொன்னால் நீ "சரிக்கா, சரிக்கா" என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது.

நீ நலம்தானே? உன் புது வேலை என்ன என்று எழுதவே இல்லையே.

அக்கா

ஜூலை 2

அன்பு அக்காவுக்கு,

நலம். அத்தானுக்கு இருமல் குறைந்ததா? நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா?

உன் கடிதத்தைப் படித்து எனக்கும் வருத்தம்தான். ஆனால் அந்த ஆளையே முழுசாகக் குறை சொல்லவும் முடியாது அக்கா. அவர்களுக்கு ஒரு நாளைக்கு இத்தனை வீடு என்று கணக்கு உண்டு. முடிக்காவிட்டால் சாயங்காலம் எல்லோர் முன்னாலும் நிற்க வைத்துக் கேட்பார்கள். முன்பக்கப் படம் கட்டாயம். பின்பக்கப் படம் 'தேவைப்பட்டால்'. தேவை என்று எழுதினால் அதற்குத் தனியாகக் காரணம் எழுத வேண்டும். அதனால் யாரும் எழுதுவதில்லை.

நீ மேல்முறையீடு செய். 'வீடு இடிந்தது' என்று எழுதாதே. 'பாரம் தாங்கும் சுவர் இல்லை' என்று எழுது, அப்போதுதான் பொறியாளர் பிரிவுக்குப் போகும். தார்ப்பாயை அவிழ்த்துவிட்டுப் படம் எடு. தார்ப்பாய் இருந்தால் 'தற்காலிகப் பாதுகாப்பு உள்ளது' என்று தள்ளிவிடுவார்கள்.

இதெல்லாம் சரியாகிவிடும். கோபப்பட்டு உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

தம்பி

ஜூலை 9

தம்பிக்கு,

நலம் விசாரிப்பை அடுத்த கடிதத்தில் சேர்த்து வைத்துக்கொள்ளலாம்.

நீ சொன்ன மாதிரியே எழுதிக் கொடுத்துவிட்டேன். பாரம் தாங்கும் சுவர். அலுவலகத்தில் மனுவை வாங்கிய பெண் என்னை நிமிர்ந்து பார்த்து, "யாரு எழுதிக் குடுத்தாங்க?" என்று கேட்டாள். "என் தம்பி" என்றேன். "விவரமானவரு" என்றாள்.

எனக்கும் அதேதான் தோன்றியது. டைல்ஸ் விற்றவனுக்கு இவ்வளவு விவரம் எங்கிருந்து வந்தது? சாயங்காலம் நிற்க வைத்துக் கேட்பது உனக்கு எப்படித் தெரியும்?

உன் வேலை என்ன? மூன்றாவது தடவையாகக் கேட்கிற மாதிரி நினைத்துக்கொண்டு பதில் எழுது.

அக்கா

ஆகஸ்ட் 21

அன்பு அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்கள் இருவர் சுகமும் அறிய ஆசை.

நீ நினைத்தது சரிதான். நான் நிவாரணத் துறையில் மதிப்பீட்டாளராக இருக்கிறேன். உன் ஊர் இல்லை, இங்கே கிழக்குப் பகுதி. முதலில் சொல்லாததற்குக் காரணம், நிரந்தரமான பிறகு சந்தோஷமாகச் சொல்லலாம் என்று. வாசல்படி கதையைப் படித்த பிறகு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

நான் அவனை மாதிரி இல்லை அக்கா. காரை அணைத்துவிட்டுத்தான் இறங்குவேன். மரியாதையாகப் பேசுவேன். உட்காரச் சொன்னால் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடிப்பேன்.

ஒரு விஷயம். என் மேலதிகாரிக்கு உங்கள் ஊர் அலுவலகத்தில் நெருங்கிய ஆள் ஒருவர் இருக்கிறார். நான் ஒரு வார்த்தை சொன்னால் உன் மனு மேலே வரும். மழைக்கு முன்னால் சுவர் எழும்பிவிடும். சரி என்று மட்டும் எழுது.

தம்பி

ஆகஸ்ட் 27

தம்பிக்கு,

நான் நலமாக இல்லை. உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து இல்லை.

தண்ணீர் வாங்கிக் குடித்தாயா? யார் கொடுத்த தண்ணீர்? அவள் அதைச் சமையலறையிலிருந்து கொண்டுவந்தாளா, இல்லை முன்னறை மூலையில் வைத்த குடத்திலிருந்து மொண்டு கொடுத்தாளா? அதையாவது பார்த்தாயா? நடுக்கதவு திறந்திருந்ததா, சாத்தியிருந்ததா? உன்னை எத்தனை பேர் "ஒரு எட்டு வந்து பாத்துடுங்க" என்று கெஞ்சினார்கள்? நீ மரியாதையாக "எழுதிக்கிறேம்மா" என்று சொல்லியிருப்பாய். உனக்கு வாய்த்த நாக்கு அப்படி, சின்ன வயசிலிருந்தே யாரும் உன்னிடம் கோபப்பட முடியாது. என்னிடம் வந்தவன் பரவாயில்லை. அவனைப் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது, ஆள் யாரென்று. உன்னைப் பார்த்து அவர்கள் நம்பியிருப்பார்கள். கையெடுத்துக் கும்பிட்டு வழியனுப்பியிருப்பார்கள்.

அங்கே தெருவில் உனக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள்? விசாரித்துப் பார்.

உன் ஒரு வார்த்தை எனக்கு வேண்டாம். எனக்குத் துறையில் ஒரு தம்பி இருக்கிறான். பக்கத்து வீட்டில் புருஷன் இல்லாமல் இரண்டு பெண்களை வைத்துக்கொண்டிருக்கும் தையல்காரிக்கு யார் இருக்கிறார்கள்? அவள் தார்ப்பாயும் என் தார்ப்பாயும் ஒரே கயிற்றில்தான் கட்டியிருக்கிறது. அவளைத் தாண்டிக்கொண்டு நான் மட்டும் சுவர் எழுப்பினால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது?

எனக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்றால், நீ எழுதிய வீடுகளுக்குத் திரும்பிப் போ. பின்பக்கம் போ. போய்விட்டு எனக்கு எழுது. அதுவரை எழுத வேண்டாம்.

அக்கா

அக்டோபர் 15

அன்புள்ள தம்பிக்கு,

எழுத வேண்டாம் என்று சொன்னேன், நீயும் எழுதவில்லை. போனையும் எடுக்க மாட்டேன் என்கிறாய். நீ நலமாக இருக்க வேண்டும்.

மழை முன்னாடியே வந்துவிட்டது. முன்னறைச் சுவர் கைவைத்தால் ஒட்டுகிற அளவுக்கு ஈரம். மூலையெல்லாம் கறுப்பாகப் பூஞ்சை. உன் அத்தானை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறேன். மூக்கில் குழாய். பேசினால் மூச்சு வாங்குகிறது, அதனால் என்னைப் பார்த்துக் கண்ணை மட்டும் சிமிட்டுகிறார். டாக்டர், "அந்த வீட்டுக்கு மறுபடி கூட்டிட்டுப் போனா நான் பொறுப்பில்ல" என்கிறார். வேறு எந்த வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவேன்? மேல்முறையீட்டுக்கு இன்னும் பதில் இல்லை.

போன கடிதத்தில் எழுதியதையெல்லாம் மறந்துவிடு. உன் மேலதிகாரியிடம் அந்த ஒரு வார்த்தையைச் சொல். எனக்கு மட்டும் செய்தால் போதும். தெருவைப் பற்றி நான் பேசியதெல்லாம் அவர் நன்றாக இருந்தபோது பேசியது. தையல்காரி முகத்தை அப்புறம் பார்த்துக்கொள்கிறேன்.

எனக்கு இதை எழுத எவ்வளவு அவமானமாக இருக்கிறது என்று உனக்குத் தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன். சீக்கிரம் சொல்.

அக்கா

அக்டோபர் 16

அன்பு அக்காவுக்கு,

நீயும் அத்தானும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீ எழுதச் சொன்னதைச் செய்து முடித்துவிட்டுத்தான் எழுதுவது என்று பிடிவாதமாக இருந்தேன். போனையும் அதனால்தான் எடுக்கவில்லை. உன் குரலைக் கேட்டால் பாதியில் விட்டுவிடுவேன் என்று பயம்.

லீவு நாட்களில் நான் எழுதிய வீடுகளுக்கு ஒவ்வொன்றாகத் திரும்பிப் போனேன். முதலில் ஒரு கடிகாரம் பழுது பார்ப்பவர் வீடு. வயசானவர். முன்பக்கம் கண்ணாடி அலமாரியில் கடிகாரங்கள் எல்லாம் ஓடிக்கொண்டிருந்ததால் 'வசிக்கத் தகுந்தது' என்று எழுதியிருந்தேன். கதவைத் திறந்தவர் என்னைத் திட்டவில்லை. "வாங்க தம்பி. போன தடவ அவசரமா இருந்தீங்க" என்றார். பின்னால் கூட்டிக்கொண்டு போனார். முன்பக்கம் அலமாரிகளுக்கு நடுவே படுக்க இடமில்லை, தான் வேலை செய்யும் மேஜைக்கு அடியில் படுக்கை போட்டிருக்கிறார் அக்கா. மேலே கூரை இல்லை. நான் அங்கேயே நின்று அழுதுவிட்டேன். அவர் எனக்குத் தண்ணீர் கொடுத்தார். குடிக்க முடியவில்லை.

பாதிக்கு மேல் வீடுகள் அப்படித்தான் இருந்தன. எல்லாவற்றையும் திருத்தி எழுதி, பின்பக்கப் படங்களோடு கொண்டுபோய் மேலதிகாரி மேஜையில் வைத்தேன்.

"ஒண்ணு ரெண்டு இருந்தா தப்பு நடந்துடுச்சுன்னு திருத்திக்கலாம்" என்றார். "இத்தனையும் அனுப்பினா, துறையே தப்புன்னு ஆயிடும். எடுத்துட்டுப் போயிடு."

"மாட்டேன் சார்."

"அப்ப அட்டையக் கழட்டி வச்சிட்டுப் போ."

கழற்றி வைத்துவிட்டேன். எழுதியதை எடுத்துக்கொண்டு வரவில்லை, அது அங்கேயே இருக்கிறது. 'பரிசீலனையில்' என்று எழுதிய அலமாரிக்குள் போயிருக்கும். அதில் போனது எதுவும் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

இப்போது வேலையில்லை. ஆனால் உன் முகத்தில் விழிக்கலாம் என்று தோன்றுகிறது. உனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்றுதான் உடனே எழுதுகிறேன்.

தம்பி

அக்டோபர் 20

அக்கா,

அத்தான் எப்படி இருக்கிறார்? அதை முதலில் எழுது. போனில் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நான் என் கடிதத்தைத் தபாலில் போட்ட பிறகுதான் உன்னுடையது வந்தது. படித்தவுடன் அலுவலகத்துக்கு ஓடினேன். அவரிடம் அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல. காலில் விழுந்தாவது சொல்லிவிடலாம் என்று. அட்டை இல்லாமல் உள்ளே விட முடியாது என்று காவலாளி வாசலிலேயே நிறுத்திவிட்டார். போன வாரம் வரை எனக்கு வணக்கம் சொன்னவர். வெளியே காத்திருந்தேன். மேலதிகாரி கார் வந்தது. கண்ணாடியை இறக்கவில்லை.

என்னை மன்னித்துவிடு. நீ கேட்டபோது கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

தம்பி

நவம்பர் 2

அன்புள்ள தம்பிக்கு,

உன் அத்தான் பிழைத்துக்கொண்டார். எதிர்வரிசை மெக்கானிக், "எங்க முன்ரூம் சும்மாதானக்கா கெடக்கு" என்று சொல்லிக் கட்டிலையே தூக்கிக்கொண்டு போய்விட்டார். அங்கேதான் இருக்கிறார். நெஞ்சு முன்னைப்போல் ஆகாதாம். மாடிப்படி கூடாது, பெயின்ட் வாளியைத் தொடவே கூடாது. நீ எப்படி இருக்கிறாய்? வாடகைக்கு என்ன செய்கிறாய்?

மன்னிப்புக் கேட்காதே, எனக்கு எரிச்சலாக வருகிறது. உன்னைத் திரும்பிப் போகச் சொன்னதும் நான்தான். எனக்கு மட்டும் செய் என்று கெஞ்சியதும் நான்தான். இரண்டையும் மனசாரத்தான் எழுதினேன். ஒரு மனுஷியை இப்படி இரண்டு கடிதமும் எழுத வைத்தார்கள் பார், அந்தக் கோபம்தான் எனக்கு அடங்கவே மாட்டேன் என்கிறது. நீ வேலையை விட்டது சரி. சரியென்று சொல்ல எனக்கு இத்தனை நாள் ஆயிற்று. உன்மேல் கோபம் போய்விட்டது என்று மட்டும் நினைத்துக்கொள்ளாதே. அது இருக்கிறது. அந்தக் கடிகாரக்காரர் அத்தனை மாதம் மேஜைக்கு அடியில் படுத்தாரே, அதற்கு உண்டானது இருக்கத்தான் செய்யும்.

மேல்முறையீட்டுக்குப் பதில் வந்துவிட்டது. 'வீட்டின் முன்பக்கப் படத்தை இணைத்து மீண்டும் அனுப்பவும்.' படித்துவிட்டு உன் அத்தான் சிரிக்கப் பார்த்தார், மூச்சு பத்தவில்லை. தையல்காரிக்கும் அதே பதில்தான். அவளிடம் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன், உன்னிடம் எனக்கு மட்டும் கேட்டேன் என்பதையும் சேர்த்து. கேட்டுக்கொண்டே ஊசியில் நூல் கோத்தாள். அப்புறம், "எனக்கு ஒரு தம்பி இருந்தா நான் மொத நாளே கேட்டிருப்பேன்" என்றாள்.

வருகிற திங்கட்கிழமை பள்ளிக்கூடம் லீவு. அன்றைக்கு நாங்கள் வரிசையில் இருக்கிற எல்லோரும் என் வேனில் இந்த ஊர் நிவாரண அலுவலகத்துக்குப் போகிறோம். போய் உள்ளே உட்காரப் போகிறோம். எழுந்து வருவதாக இல்லை. யாரும் அன்றைக்கு வாசல் பெருக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். நீ வா. எந்த மேஜையில் என்ன சொல்லித் தட்டிக் கழிப்பார்கள் என்று எங்களுக்குத் தெரியாது, உனக்குத் தெரியும். அவர்கள் பொய் சொல்லும்போது "இது பொய்" என்று சொல்ல எங்களோடு ஒரு ஆள் வேண்டும். அந்தக் கடிகாரக்காரர் வருவார் என்றால் அவரையும் கூட்டிக்கொண்டு வா. வேனில் இடம் இருக்கிறது.

உன் அத்தானை விட்டுவிட்டுப் போகலாம் என்றால் கேட்க மாட்டேன் என்கிறார். நானும் வற்புறுத்தவில்லை. அங்கே இருக்கிற அதிகாரியின் மேஜைக்குப் பக்கத்திலேயே ஒரு நாற்காலி போட்டு அவரை உட்கார வைக்கப் போகிறேன். அவர் ஒன்றும் பேச வேண்டாம், மூச்சு விட்டால் போதும். அதை அவன் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே கையெழுத்துப் போடட்டும்.

அக்கா